வழக்காடிக்கொண்டே கற்பிப்பது: அமெரிக்கச் சட்டப் பள்ளிகளின் கிளினிக் ஃபெலோஷிப்புகள் குறித்த விவாத இழை

எழும்பூர்_ஜூனியர்:

அனைவருக்கும் வணக்கம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பை முடித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, எழும்பூர் குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறேன். நீதிமன்றத்தை விட்டு விலக எனக்கு மனமில்லை. அதே அளவுக்குச் சட்டம் கற்பிக்க வேண்டும் என்ற ஆசையும் கல்லூரி நாள் தொட்டு இருந்து வருகிறது. வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளி, மாணவர்கள் உண்மையான வழக்குகளில் பணியாற்றிப் பழகும் தன் சட்ட உதவி கிளினிக்குகளில் பணியாற்ற இளம் வழக்கறிஞர்களைப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஃபெலோவாக எடுத்துக்கொண்டு, உதவித்தொகையோடு எல்எல்.எம். என்ற சட்ட முதுகலைப் பட்டமும் தருகிறது என்று படித்தேன். இது படிப்பா, வேலையா? முடித்து வெளியே வருகிறவர் ஆசிரியர் ஆகிறாரா, வழக்கறிஞராகவே தொடர்கிறாரா? சிகாகோவிலும் ஹார்வர்டிலும் இருக்கும் ஃபெலோஷிப்புகளும் இதே வகைதானா? இந்தியப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு விண்ணப்பிக்க முடியுமா? விவரம் அறிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மேரிலாந்து_வாசகி:

நான் இங்கே ஒரு சட்டப் பள்ளியின் கிளினிக்கில் ஃபெலோவாக இருந்தவள் என்பதால் முதல் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல முயல்கிறேன்.

ஜார்ஜ்டவுனின் ஃபெலோஷிப்புகளில் மூத்தது 1960இல் தொடங்கிய பிரெட்டிமன் ஃபெலோஷிப். வாஷிங்டனின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாக இருந்த ஈ. பாரெட் பிரெட்டிமனின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசே வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிடியன் வழக்கில் தீர்ப்பளித்தது 1963இல் என்பதை நினைத்துப் பார்த்தால், அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே ஒரு சட்டப் பள்ளி இளம் வழக்கறிஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஏழைகளின் குற்றவியல் வழக்குகளை நடத்த அனுப்பியிருக்கிறது என்பதன் எடை புரியும். மாணவர்கள் உண்மையான கட்சிக்காரர்களுக்காகப் பணியாற்றும் கிளினிக்குகள் நாடு முழுவதும் பரவியது இதற்குப் பின்னர்தான். 1968இல் ஃபோர்டு அறக்கட்டளை அதற்கென்றே ஓர் அமைப்பை நிறுவிப் பணம் கொடுத்த பிறகு அந்தப் பரவல் வேகம் பெற்றது.

ஒரு ஃபெலோவின் வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். குற்றவியல் கிளினிக்கில் சேர்பவருக்குத் தொடக்கத்தில் பயிற்சி நடக்கும். பிறகு அவர் பெயரிலேயே வழக்குகள் வரும். கட்சிக்காரரைக் காவலில் சந்திப்பது, பிணை கேட்பது, சாட்சியைத் தேடிப் போவது, குறுக்கு விசாரணை செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. அதன் பிறகு அல்லது அதனோடு சேர்த்து, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அவரிடம் ஒப்படைக்கப்படுவார்கள். வாஷிங்டன் நீதிமன்ற விதி 48இன்படி, பதிவு பெற்ற வழக்கறிஞரின் மேற்பார்வையில் மாணவர் நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடலாம். அன்று ஃபெலோ பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருப்பார், பேச மாட்டார். மாணவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விடும்போது தலையிடுவதா, காத்திருப்பதா என்பதை அந்த நொடியில் முடிவு செய்ய வேண்டும். ஒரு பக்கம் கட்சிக்காரரின் விடுதலை, இன்னொரு பக்கம் மாணவரின் கல்வி. என்னைக் கேட்டால், ஃபெலோஷிப்பின் சாரமே இந்த முடிவை எடுக்கப் பழகுவதுதான். இதை எந்த வகுப்பறையும் கற்றுத் தராது, எந்தச் சீனியர் அலுவலகமும் கற்றுத் தராது.

ஆகவே இது முதன்மையாக வேலை. எல்எல்.எம். பட்டம் அந்த வேலையின் பகுதியாக வருகிறது. ஃபெலோக்களுக்கென்று கற்பித்தல் முறை குறித்த தனி வகுப்பும் உண்டு: மாணவரின் தவறை எப்போது, எப்படிச் சுட்டுவது, வழக்கு முடிந்த பிறகு அவரோடு உட்கார்ந்து என்ன பேசுவது, மதிப்பெண் எப்படி இடுவது என்பவை அங்கே பாடமாகவே கற்பிக்கப்படுகின்றன.

இரண்டாவது கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். கிறிஸ்டின் ஹென்னிங் 1995இல் ஜார்ஜ்டவுனுக்கு ஃபெலோவாக வந்தார். அது முடிந்ததும் குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளுக்காக வாதாடும் வாஷிங்டனின் பொது வழக்காடுநர் அலுவலகத்தில் சேர்ந்து, சிறார்களுக்கான வழக்குகளில் சில ஆண்டுகள் உழைத்தார். பிறகு ஜார்ஜ்டவுனுக்கே பேராசிரியராகத் திரும்பி, சிறார் நீதி கிளினிக்கை நடத்தினார். ஆசிரியரா, வழக்கறிஞரா என்று கேட்டீர்கள். இந்தப் பாதையில் நடப்பவர்கள் பலர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய் வருகிறார்கள்; ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதைக் கைவிட வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை.

சட்ட_ஆசிரியர்:

மேலே உள்ள பதிவு மிகச் சிறப்பு. சிகாகோ, ஹார்வர்டு குறித்த கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் இந்த இரண்டு வகைகளையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பித்து ஏமாந்தவர்களை நான் அறிவேன்.

சிகாகோ பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் பிகலோ ஃபெலோஷிப் 1947இல் தொடங்கியது. ஹார்வர்டின் கிளைமென்கோ ஃபெலோஷிப்பும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. இவற்றில் ஃபெலோவின் கற்பித்தல் பணி, முதலாண்டு மாணவர்களுக்குச் சட்ட ஆய்வும் சட்ட எழுத்தும் சொல்லிக் கொடுப்பது. நீதிமன்றத்துக்குப் போகும் வேலை இல்லை. மீதி நேரம் முழுவதும் ஆய்வுக் கட்டுரை எழுதுவதற்கானது. பேராசிரியர்கள் அந்தக் கட்டுரையின் வரைவைப் படித்துக் கேள்வி கேட்பார்கள், கருத்தரங்குகளில் உட்கார வைப்பார்கள், வேலைக்கான உரையை ஒத்திகை பார்க்கச் செய்வார்கள். இரண்டு ஆண்டு முடிவில் அவர் பேராசிரியர் பதவிக்கான வேட்பாளராக வேலைச் சந்தையில் நிற்பார். பல ஆண்டுகளாக அமெரிக்கச் சட்டப் பள்ளிகளின் சங்கம் அதற்கென ஒரு மாநாட்டை நடத்தி வந்தது. அரைமணி நேர நேர்காணல்கள் ஹோட்டல் அறைகளில் அடுத்தடுத்து நடக்கும். இப்போது முதற்கட்ட நேர்காணல்கள் பெரும்பாலும் இணையவழியில் நடக்கின்றன.

அந்தச் சந்தையில் மதிக்கப்படுவது வெளியான கட்டுரை. கிளினிக் ஃபெலோவுக்கோ வழக்குகளும் மாணவர்களும் நாளை விழுங்கிவிடும்; எழுத நேரம் கிடைப்பது அரிது. ஆகவே ஒப்பந்தச் சட்டம், அரசமைப்புச் சட்டம் போன்ற பாடங்களைக் கற்பிக்கும் பேராசிரியராக வேண்டும் என்பவருக்குக் கிளினிக் வழி சுற்று வழி. கிளினிக் ஆசிரியராக வேண்டும் என்பவருக்கு அதுவே நேர்வழி. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2014இல் திருத்திய தரவிதிகளின்படி ஒவ்வொரு மாணவரும் குறைந்தது 6 கிரெடிட் (படிப்பு அலகு) அளவுக்குச் செய்முறைப் படிப்புகளை முடிக்க வேண்டும். இதனால் கிளினிக் ஆசிரியர்களின் தேவை கூடியிருக்கிறது. எனினும் பல பள்ளிகளில் கிளினிக் ஆசிரியருக்கு நிரந்தரப் பேராசிரியருக்குரிய பணிப் பாதுகாப்பு அதே அளவில் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வழக்காடத் தெரிந்தவர் கற்பிப்பதை இரண்டாம் தரமாகப் பார்க்கும் இந்த வழக்கம் எனக்கு ஏற்புடையதல்ல.

எழும்பூர்_ஜூனியர்:

அம்மா, ஐயா, இருவருக்கும் மிக்க நன்றி. எனக்கு வேண்டியது முதல் வகை என்பது தெளிவாகிவிட்டது. ஆனால் மாணவர் வாதாடும்போது அருகில் அமரும் ஃபெலோ பதிவு பெற்ற வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்றால், அமெரிக்கப் பதிவு இல்லாத எனக்குக் கதவு மூடியே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

நியூஜெர்சி_வக்கீல்:

நேரடியாகச் சொன்னால், குற்றவியல் கிளினிக்குகளைப் பொறுத்தவரை இன்றைய நிலையில் ஆம். பெரும்பாலான கிளினிக்குகள் அமெரிக்காவின் அடிப்படைச் சட்டப் பட்டமான ஜே.டி.யையும், வாஷிங்டனில் பதிவு பெற்றிருப்பதை அல்லது பெறத் தகுதியோடு இருப்பதையும் எதிர்பார்க்கின்றன. ஆனால் எல்லாக் கிளினிக்குகளும் ஒரே நீதிமன்றத்துக்குப் போவதில்லை என்பதை இந்த இழையில் யாரும் இதுவரை சொல்லவில்லை.

குடிவரவு நீதிமன்றம் கூட்டாட்சி அரசுக்கு உட்பட்டது. எந்த ஒரு மாநிலத்தில் பதிவு பெற்ற வழக்கறிஞரும் நாட்டின் எந்தக் குடிவரவு நீதிமன்றத்திலும் தோன்றலாம்; மேற்பார்வையின் கீழ் சட்ட மாணவர்களும் தோன்றலாம். இந்தியா போன்ற ஆங்கிலப் பொதுச் சட்ட மரபு நாட்டில் முறையாகச் சட்டம் படித்தவர், பட்டத்தின் கால அளவும் பாடங்களும் ஏற்கப்பட்டால், வழக்கறிஞராகப் பதிவு பெறுவதற்கான நியூயார்க் பார் தேர்வை எழுதலாம். பட்டத்தில் குறை காணப்பட்டால், அங்கீகரிக்கப்பட்ட அமெரிக்கச் சட்டப் பள்ளியில் 24 கிரெடிட் கொண்ட எல்எல்.எம். படித்து அதை ஈடு செய்ய வேண்டும். பதிவுக்கு முன் ஊதியமில்லாச் சட்டப் பணி 50 மணி நேரம் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அங்கே உண்டு. எல்எல்.எம்., நியூயார்க் பதிவு, அதன் பின் புகலிட வழக்குகளை எடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் அனுபவம் என்ற வரிசையில் போனால், குடிவரவு கிளினிக்கின் கதவைத் தட்ட உங்களுக்கு ஓரளவு தகுதி வந்து சேரும். எளிது என்று சொல்ல மாட்டேன்.

விசா குறித்தும் இரண்டு வரி. மாணவர் விசாவில் எல்எல்.எம். முடித்தவர் தன் துறையில் 12 மாதம் வேலை செய்யலாம். பல்கலைக்கழகங்கள், வெளிநாட்டவர் வேலை செய்வதற்கான எச்-1பி விசாவின் ஆண்டு உச்சவரம்புக்கு உட்பட்டவை அல்ல என்பது சாதகம். எனினும் 2025 செப்டம்பரில், நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு எந்தப் பள்ளியும் வெளிநாட்டவரை எடுக்கும் முன் யோசிக்கும். விண்ணப்பிக்கும் நேரத்தில் அன்றைய விதியைப் பள்ளியிடமே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

மேரிலாந்து_வாசகி:

நியூஜெர்சி நண்பர் குடிவரவு கிளினிக்கைக் குறிப்பிட்டது மகிழ்ச்சி. ஃபெலோக்களுக்கு எழுத நேரம் இல்லை என்று சட்ட_ஆசிரியர் ஐயா சொன்னதற்கு ஒரு மறுமொழியும் அங்கேயே இருக்கிறது.

ஜார்ஜ்டவுனில் பேராசிரியர் ஃபிலிப் ஷ்ராக் பல ஆண்டுகளாக நடத்திய கிளினிக், 1990களின் நடுப்பகுதியிலிருந்து புகலிடம் கோருவோரின் வழக்குகளை எடுத்து வந்திருக்கிறது. மாணவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு கட்சிக்காரரின் வழக்கைத் தொடக்கம் முதல் தீர்ப்பு வரை நடத்துவார்கள். எந்தச் சான்றைத் தேடுவது, எந்த வாதத்தை முன்வைப்பது என்பதை மாணவரே முடிவு செய்ய வேண்டும். ஆசிரியர் விடையைச் சொல்லித் தராமல், கேள்விகளால் அவரை அங்கே கொண்டு சேர்ப்பார். அந்தக் கிளினிக்கில் ஃபெலோவாக இருந்தவர்களுள் ஒருவர் ஜயா ராம்ஜி-நொகாலஸ். அவரும் ஷ்ராக்கும் ஆண்ட்ரூ ஷோன்ஹோல்ட்ஸும் சேர்ந்து, புகலிடத் தீர்ப்புகளைப் பெருந்தொகையில் திரட்டி ஆராய்ந்து 2007இல் ஸ்டான்ஃபோர்டு சட்ட இதழில் வெளியிட்டார்கள். ஒரே நீதிமன்றக் கட்டடத்தில், கொலம்பியா நாட்டிலிருந்து வந்த ஒருவருக்குப் புகலிடம் கிடைக்கும் வாய்ப்பு ஒரு நீதிபதியிடம் 5 சதவீதமாகவும் இன்னொரு நீதிபதியிடம் 88 சதவீதமாகவும் இருந்ததை அந்த ஆய்வு காட்டியது. வழக்கறிஞர் உள்ளவர்களில் 45.6 சதவீதத்தினருக்கும், இல்லாதவர்களில் 16.3 சதவீதத்தினருக்குமே புகலிடம் கிடைத்திருந்தது என்பதும் அதிலிருந்து தெரிய வந்தது.

கட்சிக்காரரோடு நீதிமன்ற வாசலில் காத்திருந்து, இன்று எந்த நீதிபதி உட்காருகிறார் என்று பதற்றத்தோடு பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி முதலில் தோன்றும் என்பது என் உறுதியான எண்ணம். அப்படிப்பட்டவருக்கு ஆய்வு முறையும் கற்றுத் தந்து, சக ஆசிரியராகவும் நடத்தினால், வழக்காடும் அனுபவமே ஆய்வாகிவிடும். அதனால் கிளினிக் வழியைச் சுற்று வழி என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சட்ட_ஆசிரியர்:

ஏற்கிறேன். அந்த ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் ஃபெலோவின் எழுத்துக்கென்று நேரம் ஒதுக்கித் தரும் இயக்குநர் அமைய வேண்டும். அமையாத கிளினிக்குகள் பல. நேர்காணலின்போது, கோடைகாலத்தில் ஃபெலோவின் வழக்குகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். அந்த ஒரு பதிலிலேயே எழுத நேரம் கிடைக்குமா, கிடைக்காதா என்பது தெரிந்துவிடும்.

பெட்டிஷன்_ரைட்டர்:

இந்த இழையில் பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஃபெலோவின் உதவித்தொகை, அதே தகுதி உள்ளவர் பெரிய சட்ட நிறுவனத்தில் வாங்கும் சம்பளத்தின் ஒரு சிறு பங்குதான். வாஷிங்டனிலோ வாடகை மிக அதிகம். படிப்புக் கடனும், ஊரில் பணம் எதிர்பார்க்கும் குடும்பமும் உள்ளவர் இரண்டு ஆண்டு அப்படி வாழ முடியுமா? ஃபெலோஷிப் இல்லாமல் ஆசிரியர் பதவிக்குப் போவது அரிதாகிவிட்ட பிறகு, வீட்டில் வசதி உள்ளவர்களே ஆசிரியர்களாகும் நிலை வந்துவிடும். இதைச் சிறு குறையாக நினைத்துத் தள்ளிவிடக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2008இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு, வேலை கிடைக்காத தங்கள் பட்டதாரிகளுக்குப் பல சட்டப் பள்ளிகள் தாங்களே பணம் கொடுத்து, பொதுநல அலுவலகங்களில் சில மாதங்கள் ஃபெலோவாக அமர்த்தின. வேலை பெற்றவர்கள் என்ற கணக்கில் அவர்களும் சேர்ந்ததால் பள்ளியின் தரவரிசை உயர்ந்தது. பிறகு விதி இறுகியது: ஓராண்டுக்குக் குறையாமலும் ஆண்டுக்கு 40,000 டாலருக்குக் குறையாமலும் இருந்தால்தான் பள்ளி பணம் தரும் பணி நீண்ட கால வேலையாகக் கணக்கிடப்படும். பெயரில் ஃபெலோஷிப் என்று இருப்பதெல்லாம் மேலே பேசப்பட்ட வகை அல்ல. மேற்பார்வை யார், பயிற்சி என்ன, முடிந்த பிறகு முந்தைய ஃபெலோக்கள் எங்கே போனார்கள் என்ற மூன்றையும் கேட்காமல் யாரும் கையெழுத்திட வேண்டாம்.

நியூஜெர்சி_வக்கீல்:

முந்தைய ஃபெலோக்கள் எங்கே போனார்கள் என்பது மிக நல்ல கேள்வி. பெரும்பாலும் அவர்களுடைய பெயர்கள் பள்ளியின் பக்கத்திலேயே இருக்கும். எழுதினால் பலர் பதில் சொல்வார்கள்.

எழும்பூர்_ஜூனியர்:

பெட்டிஷன்_ரைட்டர் ஐயா சொன்னது என் நிலைக்கு நெருக்கமானது. 2024இல் உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. ஆனால் அதன் பயன் எல்லா ஜூனியர்களின் கைக்கும் இன்னும் வந்து சேரவில்லை. எல்எல்.எம். படிக்க அமெரிக்கா போவதே எனக்குப் பெரிய கடன். அதனால் இன்னொரு கேள்வி கேட்கத் தோன்றுகிறது. இதே போன்ற பணியை இந்தியாவில், ஒரு சட்டக் கல்லூரியில் இருந்துகொண்டு செய்ய வழி இருக்கிறதா?

சட்ட_ஆசிரியர்:

சட்டம் இடும் தடையிலிருந்து தொடங்குகிறேன். இந்திய பார் கவுன்சில் விதி 49, முழுநேர ஊதியப் பணியில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்வதைத் தடுக்கிறது. சட்டக் கல்லூரியின் முழுநேர ஆசிரியர் அதற்குள் அடங்குகிறார். மறுபக்கம், தொழில் செய்யும் வழக்கறிஞர் நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம் என்று 1979ஆம் ஆண்டு விதிகள் அனுமதிக்கின்றன. 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளோ ஒவ்வொரு கல்லூரியிலும் சட்ட உதவி மையம் இருக்க வேண்டும் என்கின்றன. விளைவு என்னவென்றால், மையத்தை நடத்தும் ஆசிரியரால் வழக்கை நடத்த முடியாது. வழக்கை நடத்தும் பகுதிநேர ஆசிரியருக்கு மையத்தை நடத்த நேரம் இல்லை. அதனால் பல மையங்கள் விழிப்புணர்வு முகாமோடு நின்றுவிடுகின்றன. மறைந்த சட்டக் கல்வியாளர் மாதவ மேனன் போன்றவர்கள் பல பத்தாண்டுகள் வலியுறுத்தியும் இந்தப் பிளவு இன்னும் அடைபடவில்லை. என் மாணவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இது என்னை வருத்துகிறது.

மதுரை_வழக்கறிஞர்:

ஐயா சொன்ன தடை உண்மைதான். ஆனால் அதைத் தாண்ட ஒரு வழி தெரிகிறது. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2022இல் கொண்டு வந்த திட்டத்தின்படி, மாவட்டங்களில் சட்ட உதவிக்கான எதிர்வாதி வழக்கறிஞர் அலுவலகங்கள் இயங்குகின்றன. தலைமை, துணை, உதவி என்ற மூன்று நிலைகளில் வழக்கறிஞர்கள் முழுநேரமாக அமர்த்தப்பட்டு, ஏழைகளின் குற்றவியல் வழக்குகளை மட்டும் நடத்துகிறார்கள். தொடக்க நிலையான உதவி நிலைக்கு 3 ஆண்டு வரை அனுபவம் உள்ளவர்கள் எடுக்கப்படுகிறார்கள். ஒரு சட்டக் கல்லூரியும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் உடன்படிக்கை செய்துகொண்டு, அந்தத் தொடக்க நிலை வழக்கறிஞர்களில் இருவரை ஃபெலோக்களாக ஏற்று, கல்லூரி அவர்களுக்கு எல்எல்.எம். இடமும் கற்பித்தல் பயிற்சியும் கொடுக்க, அவர்கள் தங்கள் வழக்குகளில் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வழிநடத்தினால், பிரெட்டிமன் திட்டத்தின் கரு இங்கே கிடைத்துவிடும். வழக்கறிஞரின் ஊதியம் கல்லூரியிடமிருந்து வருவதில்லை. கற்பிக்கும் நேரமோ நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்குள் அடங்கும்.

மேரிலாந்து_வாசகி:

மிக நல்ல யோசனை. ஒரே ஓர் ஐயம். மாணவர் நீதிமன்றத்தில் பேச முடியாது என்றால், அவர் கோப்பு தூக்குபவராக மட்டும் நின்றுவிட மாட்டாரா? கற்றல் நிகழ்வது பொறுப்பு அவர் தோளில் இருக்கும்போதுதான்.

சட்ட_ஆசிரியர்:

இங்கே விதி 48 போன்று மாணவர்களுக்கென்று தனி விதி இல்லை. ஆனால் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 32ஆம் பிரிவு, பதிவு பெறாத ஒருவர் ஒரு குறிப்பிட்ட வழக்கில் தோன்ற நீதிமன்றம் அனுமதி அளிக்கலாம் என்கிறது. மேற்பார்வை வழக்கறிஞர் அருகில் இருக்க, கட்சிக்காரரின் எழுத்துபூர்வமான ஒப்புதலோடு, பிணை மனு போன்ற சிறு விசாரணையில் தொடங்கி மனுச் செய்து பார்க்கலாம். அனுமதிப்பதும் மறுப்பதும் அந்த நீதிபதியின் விருப்புரிமை. மறுத்தாலும், சிறையில் கட்சிக்காரரை நேர்காண்பது, மனுவை வரைவது, குறுக்கு விசாரணைக் கேள்விகளைத் தயாரிப்பது ஆகியவற்றை மாணவரின் பொறுப்பிலேயே விடலாம்.

எழும்பூர்_ஜூனியர்:

உதவி நிலை எதிர்வாதி வழக்கறிஞர் பணிக்கு என் அனுபவம் இன்னும் வரம்புக்குள்தான் இருக்கிறது. அடுத்த அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கிறேன். மதுரை ஐயா, உடன்படிக்கையின் வரைவு ஒன்றை நீங்கள் எழுதினால், நான் படித்த கல்லூரியின் சட்ட உதவி மையப் பொறுப்பாசிரியரிடம் அதை எடுத்துச் செல்லத் தயாராக இருக்கிறேன்.

மதுரை_வழக்கறிஞர்:

எழுதுகிறேன். மாணவர் பார்க்கும் கோப்புகளின் இரகசியம் காப்பது குறித்த பிரிவை மேரிலாந்து சகோதரி பார்த்துத் திருத்தித் தர வேண்டும். மாணவரும் அந்தக் கடமைக்குக் கட்டுப்பட்டவர் என்பதைத் தெளிவாக எழுதாமல், எந்த மாவட்ட நீதிபதியும் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்.